தூங்கா நகரத்தில் தியானத்துக்கு உட்காரும் முறை

"கண்ணை மூடினா மனசு நிக்கவே மாட்டேங்குது." யோகா கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் பத்து நாளுக்குள் சொல்லிவிடும் புகார் இது. மதுரைக்காரர்கள் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் தூக்கம் சொக்குது." இரண்டுக்கும் மனசு மேல்தான் பழி விழும். பக்கத்தில் இருந்து கவனித்தால் கதை வேறு மாதிரி இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் முதுகு கூன் போடுகிறது. ஐந்தாவது நிமிடத்தில் வலது பாதம் மரத்துப்போகிறது. முந்தைய இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்ட முட்டை பரோட்டா இன்னும் வயிற்றில் கிடக்கிறது. இந்த நிலையில் யார் மனசும் நிற்காது. எனவே இங்கே முதலில் வயிறும் இடுப்பும், அப்புறம் மூச்சு, கடைசியில்தான் மனசு.

யோகத்தின் எட்டு உறுப்புகளின் வரிசையும் இதையே சொல்கிறது: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனதை ஒன்றில் நிறுத்துவது), தியானம், சமாதி. தியானம் ஏழாவது படி. கீழே இருக்கும் படிகளில் காலே வைக்காமல் ஏழாவதில் ஏறி நிற்கப் பார்ப்பதால்தான் பாதிச் சறுக்கல்.

முந்தைய இரவு

காலையில் உட்கார நினைப்பவருக்குப் பயிற்சி முந்தைய இரவு எட்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் அது காலியாக மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். கறிதோசை, கோலா உருண்டை, சால்னாவோடு பரோட்டா எல்லாம் எண்ணெயும் கொழுப்பும் என்பதால் இன்னும் கூடுதல் நேரம் கிடக்கும். இவற்றை விடச் சொல்லவில்லை, நேரத்தை முன்னால் நகர்த்தினால் போதும். எட்டு மணிக்குள் சாப்பாடு, அதன்பின் தண்ணீர் மட்டும். பத்தரைக்கு மேல் குடிக்கும் ஜிகர்தண்டாவும் சாப்பாடுதான். பாலும் பாசந்தியும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது, ஒரு டம்ளர்தானே என்று கணக்கில் விடக் கூடாது.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடியும். மதுரையில் உதயம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 5.55-க்கும் 6.40-க்கும் நடுவில் விழும். உதயம் 6.16 என்றால் முகூர்த்தம் 4.40 முதல் 5.28 வரை. தெரு அடங்கியிருக்கும், காற்றில் சூடு குறைந்திருக்கும், யாரும் போன் பண்ண மாட்டார்கள். நல்ல நேரம்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கடை அடைத்துவிட்டுப் படுப்பவர் 4.40-க்கு எழுந்தால் அது தூக்க முகூர்த்தம் ஆகிவிடும். அவர்களுக்குக் காலை ஏழு மணியோ, மாலை விளக்கு வைக்கும் நேரமோ மேல். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் அதே நேரம் என்பது முக்கியம். பசி எடுப்பதுபோல, இரண்டு வாரத்தில் உடம்பே அந்த நேரத்தைக் கேட்க ஆரம்பிக்கும்.

காப்பி இல்லாவிட்டால் தலைவலிக்கும் என்பவர்கள் அரை டம்ளர் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து உட்காரலாம். மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். சொல்லவே வேண்டாத விஷயம் போலத் தெரியும். பாதியில் எழுகிறவர்களில் பலர் இதற்காகத்தான் எழுகிறார்கள்.

எட்டில் முதல் இரண்டு படிகளான ஒழுக்க விதிகள், அதாவது இயம நியமங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஐந்தைந்தாகச் சொன்னதைத் திருமூலர் பத்துப் பத்தாகச் சொல்கிறார். அவருடைய இயமப் பட்டியலில் கொல்லாமை, பொய்யாமை, களவின்மையோடு பகுத்துண்பதும் இருக்கிறது. இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வேலை நடக்கும் விதமாகப் பாருங்கள். நேற்று ஒருவரிடம் சொன்ன பொய், இன்று கண்ணை மூடிய மூன்றாவது நிமிடம் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கணக்கைப் பகலிலேயே தீர்த்துவிட்டால் காலையில் அவ்வளவு கூட்டம் இருக்காது.

இடம்

ஆறு அடிக்கு மூன்று அடி போதும். பூஜை அறையாக இருக்க வேண்டும் என்று இல்லை. நடைவழியாக இல்லாமல் இருந்தால் சரி. மொட்டை மாடி பலருக்குப் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் முதல் நாள் வெயிலைக் குடித்த தளம் விடியற்காலையிலும் இளஞ்சூடாகத்தான் இருக்கும். வெறும் தரையில் உட்காராமல் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் ஜமுக்காளம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியை மறந்துவிடுங்கள். மழையும் கொசுவும் விடாது.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். அசையாமல் இருக்கும்போது உடம்பு சீக்கிரம் குளிரும், பிடரி பிடித்துக்கொள்ளும். நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து, தோளைச் சுற்றிப் பழைய சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்ளலாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, வியர்க்கவும் விடாது, கொசுவும் சட்டென்று கடிக்க முடியாது. கொசுவர்த்திப் புகையில் மூச்சுப் பயிற்சி கூடவே கூடாது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அரை மணி முன்பு ஏற்றி, அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள். கொசுவலைக்குள் உட்காருவதில் ஒரு குறையும் இல்லை.

உட்காருவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் ஒரு வாரம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

ஒரு கெட்டியான ஜமுக்காளத்தையோ போர்வையையோ மூன்று, நான்கு அங்குல உயரம் வரும்படி மடியுங்கள். தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். மடிப்பு ஓரம் முன்பக்கம் வரட்டும். அதன் நடுவில் உட்காராமல் முன்னோரத்தில் உட்காருங்கள். பிட்டத்துச் சதையைக் கையால் இரண்டு பக்கமும் பின்னால் இழுத்து விலக்கினால் அடியில் இரண்டு எலும்புகள் துணியில் குத்துவது தெரியும். உடம்பின் எடை அந்த இரண்டின் மேலும் சமமாக இறங்க வேண்டும். இப்போது சம்மணம் போடுங்கள்.

முழங்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பெலும்பைவிடத் தாழ இருந்தால் சரி. உயரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளையும், அதைச் சரிசெய்யத் தோள்பட்டை இறுகும், பத்து நிமிடத்தில் நடுமுதுகு எரியும். அந்த எரிச்சலுக்கு மருந்து முதுகை விறைப்பாக நிமிர்த்துவது இல்லை. இன்னும் ஒரு மடிப்புப் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்துவதுதான். நாற்பது வயதுக்கு மேல், நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்த்தவர்களுக்கு ஆறு அங்குலம்கூடத் தேவைப்படும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உயர்த்திய பிறகும் முழங்கால் அந்தரத்தில் தொங்கினால் அடியில் சுருட்டிய துண்டு கொடுங்கள். அந்தரத்தில் நிற்கும் முழங்காலைத் தாங்கவே தொடை பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடி விடாமல் மூச்சு ஆழமாகாது.

கால் மரத்துப்போவதை ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நரம்பு அழுத்தப்படுவதுதான் காரணம். விரிப்பின் ஓரம் தொடையின் அடிப்பக்கத்தை அறுக்கிறதா, கணுக்கால் எலும்பு தரையில் நேராக அழுத்துகிறதா என்று பாருங்கள். முதலாவதற்கு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர வேண்டும், இரண்டாவதற்குக் கணுக்காலடியில் கைக்குட்டை மடித்து வைத்தால் போதும். முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்று குத்தினால் விஷயம் வேறு. தொடை இடுப்பில் திரும்பாததால் முழங்கால் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே காலைப் பிரியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பத்மாசனத்தில் இருந்து முழங்கால் சவ்வைக் கிழித்துக்கொண்டால் பிறகு சம்மணமே போட முடியாது.

பத்மாசனம்தான் தியானத்துக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போனால் செட்டிப்புடவுக் குகைப் பாறையில் செதுக்கிய பெரிய சமணத் தீர்த்தங்கரரைக் கிட்ட நின்று பாருங்கள். இரண்டு காலையும் பின்னிப் பூட்டிய நிலை இல்லை. ஒரு காலின் மேல் இன்னொரு காலைக் கிடத்திய அர்த்தபரியங்கம். மடியில் ஒரு கை மேல் ஒரு கை, தோள் தாழ்ந்து அகன்று, வயிறு இறுகாமல், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். உட்காருவதற்கு அதைவிட நல்ல பாடப் படம் கிடையாது. இந்தக் குன்றுகளில் தங்கிய முனிவர்கள் குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி காடி வெட்டி, படுக்கையைச் சமதளமாக வழித்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்த இடத்தில்தான் தவம் செய்தார்கள். உடம்பை மறக்க வேண்டுமானால் முதலில் அது புகார் சொல்லாதபடி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தரையில் முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், பலன் ஒன்றும் குறையாது. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிவாக இருக்கும். அப்படியே உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் விழும். துண்டை நாலாக மடித்து இருக்கையின் பின்பாதியில் போட்டுச் சமப்படுத்துங்கள். முதுகைச் சாய்க்காமல் முன்னால் வந்து உட்காருங்கள். பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் அடியில் மணைப்பலகை போடுங்கள்.

தலை: முகவாயை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்தால் பிடரி நீளும். மேல்பல் கீழ்ப்பல் தொடக் கூடாது, உதடு லேசாக மூடியிருக்கட்டும், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில். கண் மூடியபின் விழிகளை மேலே ஏற்றாதீர்கள். இது ஏன் என்று பின்னால் வருகிறது.

உடம்பை இளக்க எட்டுப் பத்து நிமிடம்

தூங்கி எழுந்த உடம்பை அப்படியே மடக்கி வைக்க முடியாது. நின்று கையை மேலே நீட்டி ஐந்து மூச்சு. கைகால் ஊன்றி, முதுகைப் பூனைபோல வளைத்தும் குழித்தும் பத்து முறை, மூச்சோடு சேர்த்து. கால் நீட்டி உட்கார்ந்து கணுக்காலைப் பக்கத்துக்குப் பத்துச் சுற்று. பாதங்களைச் சேர்த்துப் பட்டாம்பூச்சி ஆசனம் ஒரு நிமிடம், முழங்காலைக் கையால் அமுக்காமல். பிறகு ஒரு காலைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தித் தொடை இடுப்பில் சுழலும்படி மெல்ல ஆட்டுங்கள், பக்கத்துக்கு அரை நிமிடம். சம்மணத்துக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் உயிர். நேரம் இல்லையென்றால் மற்றதை விட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

மூச்சு

நாடிசுத்தி. வலது கையின் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் உள்ளே மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. மூக்கெலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில் தொட்டால் போதும், மூக்கைக் கோணலாக்க வேண்டாம். இடதில் இழுத்து, வலதில் விட்டு, வலதில் இழுத்து, இடதில் விட்டால் ஒரு சுற்று. ஒன்பது சுற்று. முழங்கை தூக்கிக்கொண்டு நின்றால் தோள் வலிக்கும். விலாவோடு தளர்வாக ஒட்டியிருக்கட்டும்.

கணக்கு முதல் பத்து நாள் இழுக்க நான்கு, விட நான்கு. அடுத்துப் பத்து நாள் நான்குக்கு ஆறு. பிறகு நான்குக்கு எட்டு. அடக்குவது இப்போதைக்கு இல்லவே இல்லை. மூச்சு உள்ளே போகும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் விரைவதும், வெளியே போகும்போது தணிவதும் இயற்கை. வெளிமூச்சை நீட்டினால் உடம்பு அமைதியாவது அதனால்தான்.

இங்கே ஆர்வக்கோளாறு ஒன்று நடக்கும். திருமூலரின் திருமந்திரத்தில் பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்று படித்துவிட்டு மறுநாள் காலையில் அப்படியே முயல்வது. மாத்திரை என்பது தமிழ் இலக்கணத்தில் இயல்பாகக் கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரம். ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரே மூச்சு 112 நொடி, ஏறக்குறைய இரண்டு நிமிடம். பழகாதவர் அதை முயன்றால் முகம் சிவக்கும், காதில் இரையும், விட்டதும் ஐந்தாறு மூச்சு மேல்மூச்சு வாங்கும். அந்தப் பதற்றத்தோடு தியானத்துக்கு உட்கார்ந்து என்ன பயன்? அது ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஆண்டுக்கணக்கில் ஏறிப் போகிற இடம். அளவைத் தாண்டிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள வழி எளிது: ஒரு மூச்சை முடித்ததும் அடுத்த மூச்சை அவசரமாகப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றினால் எண்ணிக்கை அதிகம். ஒன்று குறையுங்கள்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அவர்களுக்கு வேண்டாம். குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

மார்கழிக் காலையில் ஒரு நாசி அடைத்தே இருக்கும். அடைத்த பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்து ஐந்து நிமிடம் படுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். இடது நாசி அடைப்பென்றால் வலப்பக்கமாகப் படுக்க வேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் அன்று நாடிசுத்தியை விட்டுவிட்டு இரண்டு நாசியாலும் மெதுவாக மூச்சு விடுங்கள். சிந்திச் சிந்திச் சண்டை போட வேண்டாம்.

உட்கார்ந்து எண்ணுவது

இப்போது கையை மடியில் வைத்துவிட்டு மூச்சை அதன் போக்கில் விடுங்கள். கவனம் நாசித் துவாரத்தின் விளிம்பில். உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே வரும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பு. அந்த வித்தியாசம் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சித்திரையில் அறையே உடம்புச் சூட்டை எட்டிக்கொண்டிருக்கும்போது வித்தியாசம் பிடிபடாது. அப்போது மேலுதட்டில் காற்று உரசுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் மனதுக்குள் ஒரு எண். ஒன்று முதல் பத்து. பத்து முடிந்தால் மறுபடி ஒன்று. எண்ணை விட்டுவிட்டால் எங்கே விட்டோம் என்று தேடாமல் ஒன்றிலிருந்து. திடீரென்று "பதினேழு" என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தால் வாய் மட்டும் எண்ணியிருக்கிறது, ஆள் இல்லை. அதுவும் ஒன்றிலிருந்துதான். முதல் வாரம் பத்தைத் தொடுவதே அபூர்வம்; மூன்று, நான்கிலேயே மகனின் பிளஸ் டூ மார்க்கோ, சீட்டுப் பணமோ வந்துவிடும். வந்ததைத் துரத்த வேண்டாம். "நினைப்பு" என்று ஒரு சொல்லால் அடையாளம் வைத்துவிட்டு ஒன்றுக்குத் திரும்புங்கள். போனது தெரிந்து திரும்பி வரும் அந்த ஒரு நொடிதான் பயிற்சியே. இருபது முறை போனால் இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

பத்தைத் தொடுவது சாதாரணமானதும் எண்ணை விட்டுவிட்டு நாமம் ஒன்றைப் பிடிக்கலாம். உள்மூச்சில் "நம", வெளிமூச்சில் "சிவாய". உங்கள் வீட்டு வழக்கம் வேறென்றால் அந்த நாமம். நம்பிக்கை இல்லாதவர்கள் எண்ணோடே இருக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. நாக்கு அசையக் கூடாது, தொண்டையும் அசையக் கூடாது.

தாரணைக்கும் தியானத்துக்கும் வித்தியாசம் கேட்பவர்களுக்குப் பழைய ஆசிரியர்கள் எண்ணெய் ஒழுக்கைக் காட்டுவார்கள். வீட்டில் நல்லெண்ணெயை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து மெல்லிசாக ஊற்றிப் பாருங்கள். நூல்போல அறுபடாமல் இறங்கும், சத்தம்கூடக் கேட்காது. தண்ணீரை அதே மாதிரி ஊற்றினால் துளித்துளியாக உடைந்து தெறிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு மூச்சாகப் பிடிப்பது துளி. அது தாரணை. துளிகளுக்கு நடுவில் இடைவெளி இல்லாமல் போவது தியானம். அதை வரவழைக்க முடியாது, தாரணை பழுத்தால் ஆகிறது. ஆரம்பத்தில் இருபது நிமிடத்தில் பத்து வினாடி அப்படி அமைந்தாலே பெரிது.

இன்னொரு வழியின் பிறப்பிடமே மதுரைதான். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு அருகே, சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில்தான் 1896 ஜூலையில், 16 வயதில், ரமண மகரிஷிக்குத் தான் சாவதாகவே உணர்ந்த அந்த மரண அனுபவம் நேர்ந்தது. அந்த வீடு இப்போது ரமண மந்திரம். அவர் காட்டிய ஆத்ம விசாரத்தை, அதாவது "நான்" என்பதன் மூலத்தைத் தேடுவதை, எல்லாரும் செய்யும் தவறோடுதான் தொடங்குவார்கள்: "நான் யார், நான் யார்" என்று ஜபமாக உருப்போடுவது. அது ஜபிக்கிற மந்திரம் இல்லை. ஒரு நினைப்பு எழுந்தால், இது யாருக்கு எழுந்தது என்று பார்க்க வேண்டும். "எனக்கு" என்று தோன்றும். அந்த "நான்" எங்கிருந்து கிளம்புகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். சொல்லில் பதில் தேடினால் தேர்வு எழுதுவதுபோல ஆகிவிடும். மூச்சு எண்ணிக்கையில் மனசு ஓரளவு தணிந்தபின், கடைசி ஐந்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள். எடுத்த எடுப்பில் செய்தால் பலருக்கு வெறும் யோசனையாக முடிந்துவிடுகிறது.

சத்தம்

அமைதியான நேரத்துக்குக் காத்திருந்தால் இந்த ஊரில் உட்காரவே முடியாது. மார்கழியில் நாலரைக்கே ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, பால்வண்டி, மூன்றாவது வீட்டு மோட்டார். மோட்டார் சத்தம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது; வார்த்தை உள்ள பாட்டுத்தான் இழுத்துக்கொண்டு போகும். தெரிந்த பாட்டு என்றால் அடுத்த வரியை மனசே பாடும். அந்த நாட்களில் பிராமரியில் தொடங்குங்கள்: கட்டைவிரலால் காதுமடலின் முன்குமிழை அழுத்தி, வாய் மூடி, வெளிமூச்சு முழுக்க வண்டுபோல "ம்ம்ம்" என்று ஏழு முறை. ஏழாவது முடிந்ததும் கையை எடுக்காமல் உள்ளே மிச்சமிருக்கும் அதிர்வைக் கேளுங்கள். கையை எடுத்தபின் பாட்டு கேட்கும், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

எங்கே பிசகுகிறது

தூக்கம். முதலில் முந்தைய இரவைப் பாருங்கள். தூக்கக் கடன் இருந்தால் தியானம் அதை வசூலித்துக்கொள்ளும். தூங்கியும் சொக்குகிறது என்றால் கண்ணைக் கால்பங்கு திறந்து மூன்றடி தள்ளித் தரையைப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் எழுந்து நின்றுகொண்டே பத்து மூச்சு எண்ணுங்கள். நின்றுகொண்டு தூங்க மாட்டீர்கள்.

அகல்விளக்கில் திராடகம் செய்வதும் தூக்கத்துக்கு மருந்து. சுடர் கண் மட்டத்தில், ஒரு கை நீளம் தள்ளி. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், ஆடும் சுடர் கண்ணை வலிக்கச் செய்யும். கோடையில் இதைச் செய்யாததே நல்லது. ஒரு நிமிடம் இமைக்காமல் பார்த்து, கண்ணில் நீர் கோப்பதற்குள் மூடி, உள்ளே தெரியும் உருவத்தைப் பார்க்க வேண்டும். அந்த உருவம் விழித்திரை களைத்ததால் மிஞ்சும் நிழல், தரிசனம் இல்லை. கண் அழுத்த நோய், வலிப்பு உள்ளவர்களும் சமீபத்தில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் இதைத் தொட வேண்டாம்.

புருவ நடுவில் அழுத்தம். இதை, அங்கே இருப்பதாக யோக நூல்கள் சொல்லும் ஆக்ஞா சக்கரம் திறக்கிறது என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் நடப்பது, மூடிய கண்ணுக்குள் விழிகளை மேலே உருட்டி நெற்றியைச் சுளித்துக்கொண்டிருப்பது. அரை மணியில் தலைவலியாக மாறும். விழிகளை மூக்கு நுனியைப் பார்ப்பதுபோலத் தாழ்த்தினால் அழுத்தம் போய்விடும். வண்ணங்கள், ஊறல், உடம்பு பெரிதானது போன்ற உணர்வு எல்லாம் வரும், போகும். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

அழுகை வந்தால் அழுதுவிட்டு எண்ணுங்கள். ஆனால் பயம், படபடப்பு, குரல் கேட்பது, இரவுத் தூக்கம் போவது என்று தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தியானம் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது.

எழும்போது: கையைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றி, கையை எடுக்காமல் கண்ணைத் திறந்து, காலை ஒவ்வொன்றாக நீட்டிக் கணுக்காலைச் சுழற்றிவிட்டு எழுங்கள். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் பாதம் மடங்கிச் சுளுக்கும். போனை எடுக்குமுன் ஐந்து நிமிடம் வாசலைத் தெளிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று கைவேலை ஏதாவது செய்யுங்கள்.

வெளியே உட்கார

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. தியானத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டுமா? வேலை நாளில், நடை திறந்த அதிகாலையில், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காரலாம். கண்ணை மூடக்கூட வேண்டாம், தண்ணீரில் கோபுரத்தின் நிழல் ஆடுவதே பிடிமானம். உட்கார முடியாதவர்கள் ஆடி வீதியில் நடக்கலாம்: நான்கு அடிக்கு உள்மூச்சு, ஆறு அடிக்கு வெளிமூச்சு, பார்வை பத்தடி முன்னால். வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது, எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்துக்கும் அய்யனார் கோயிலுக்கும் பக்கத்து ஆலமர நிழல் நல்ல இடம். அழகர்மலையில் கையில் பை இருந்தால் கண்ணை மூடாதீர்கள். குரங்குக்குத் தியானம் தெரியாது.

ஒரு மண்டலம்

48 நாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் 16 நாள் பத்து நிமிடம், சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொள்ளலாம். அடுத்த 16 நாள் பதினைந்து நிமிடம், சுவர் இல்லாமல். கடைசி 16 நாள் இருபது. நன்றாக அமைந்தது என்று ஒருநாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு அடுத்த மூன்று நாள் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. மணி அடித்தால் எழுந்துவிடுங்கள். முன்னேற்றத்துக்கு அடையாளம் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்காது. சிம்மக்கல்லில் பின்னால் நின்று ஹாரன் அடிப்பவன் மேல் கோபம் வருவதற்கும் அதை வாய்விட்டுச் சொல்வதற்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடம் கிடைக்கும், அங்கே பாருங்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து இரட்டிப்பாக உட்கார வேண்டாம், விட்ட எண்ணிலிருந்தே தொடருங்கள். மண்டலம் சித்திரைத் திருவிழாவில் மாட்டிக்கொண்டால், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு முழுக்க விழித்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, குளித்ததும் சுவரில் சாய்ந்து ஐந்து நிமிடம் எண்ணிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளும் கணக்கில் சேரும்.